எட்டு மாதமாகப் பதில் இல்லை: "கர்த்தருக்குக் காத்திரு" என்றால் என்னதான் செய்வது?

கேள்வி இது: "வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. மூன்று இடங்களில் இன்டர்வியூ முடித்துப் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன். சபையில் எல்லாரும் 'விசுவாசமா இருங்க பிரதர், கர்த்தருக்குக் காத்திருங்க' என்கிறார்கள். நடைமுறையில் அதற்கு என்ன அர்த்தம்? முழங்கால் போட்டால் பத்து நிமிடத்தில் கை போனுக்குப் போய்விடுகிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: குறையவில்லை. விசுவாசம் இல்லாதவருக்கு இந்தக் கேள்வியே எழாது. மாற்கு 9-ல் பிசாசு பிடித்த பையனின் தகப்பன் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான்: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும். இயேசு அவனிடம் "முதலில் உன் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா" என்று சொல்லவில்லை, பையனைக் குணமாக்கினார். எட்டு மாதம் தூக்கம் கெட்ட ஒருவரின் கை போனுக்குப் போவது உடம்பின் பழக்கம். அதற்கு உடம்பு வழியாகவே வைத்தியம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் "காத்திரு" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: காத்து + இரு. காவல், காவற்காரன் எல்லாம் வருகிற அதே "கா". சங்கீதம் 130-ல் இந்தச் சொல் அப்படியே ஒரு காவற்காரனோடு வருகிறது: "எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது." எபிரெயு மூலத்தில் "விடியலுக்குக் காவலிருப்போர்" என்ற தொடர் அடுத்தடுத்து இரண்டு முறை வரும். படிக்கும்போதே இரவு நீளும். ஜாமக்காரனால் சூரியனை ஒரு நிமிடம்கூட முன்னால் இழுக்க முடியாது. ஆனால் அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனும் அல்ல. வாசலைப் பார்க்க வேண்டும், மதில்மேல் நடக்க வேண்டும், சத்தம் கேட்டால் எழுப்ப வேண்டும். விடியும் நேரம் அவன் பொறுப்பில் இல்லை, அந்த ஜாமம் அவன் பொறுப்பில் இருக்கிறது.

நான் சொல்ல வருவது அநேகமாக இவ்வளவுதான். வேதாகமத்தில் காத்திருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தேதி கொடுக்கப்படுவதில்லை, வேலை கொடுக்கப்படுகிறது. நாம் சிக்கலில் மாட்டுவது எங்கே என்றால், வேலையை விட்டுவிட்டுத் தேதியைத் தேடும்போது.

இதற்கு எரேமியா 29-ஐவிடத் தெளிவான இடம் இல்லை. கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யூதாவின் ராஜா எகொனியாவையும் அவனோடு அதிகாரிகள், தச்சர், கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். போனவர்களின் ஒரே கேள்வி "எப்போது திரும்புவோம்?" என்பதுதான். எகொனியாவுக்குப் பிறகு ராஜாவான சிதேக்கியாவின் நாலாம் வருஷம் ஐந்தாம் மாதத்தில், அனனியா என்ற தீர்க்கதரிசி எருசலேம் ஆலயத்தில் எல்லார் முன்னிலும் நின்று "இரண்டு வருஷம்" என்று தேதி சொன்னான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். இப்படி ஒரு செய்தியை யார் வேண்டாம் என்பார்கள்? அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். இரண்டு வருஷம் என்றவனுக்கு இரண்டு மாதம்.

எரேமியா எழுதிய கடிதம் வேறு மாதிரி. வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். அதற்குப் பிறகு 10-ஆம் வசனம்: எழுபது வருஷம். அடுத்த வசனம்தான் நம் வீட்டுச் சுவர்களில் தொங்குவது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையில் 29:11 இருக்கும். 29:10-ஐ அச்சடித்துக் கொடுத்த சபையை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்! கடிதம் வாசிக்கப்பட்ட அன்று முப்பது வயதாக இருந்தவர் எருசலேமுக்குத் திரும்ப ஏறக்குறைய வாய்ப்பே இல்லை. அந்த வாக்குத்தத்தம் அவருக்கும் சொல்லப்பட்டதுதான். அவருக்கு அதிலிருந்து கிடைத்தது தோட்டமும் பிள்ளைகளின் கல்யாணமும்.

ஆகவே உங்கள் எட்டு மாதத்துக்கு எரேமியாவின் கேள்வி: வேலை வந்தபிறகு செய்யலாம் என்று எதையெல்லாம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள்? பிள்ளையின் கண் பரிசோதனை, அப்பா அம்மாவைப் பார்க்கப் போவது, ஒழுகும் குழாய், விட்டுப்போன சர்டிஃபிகேட் கோர்ஸ், குடும்ப ஜெபம். காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பணம் இல்லாமல் செய்யக்கூடியது அதில் பாதியாவது இருக்கும். வாரத்துக்கு ஒன்று என்று முடியுங்கள். "நல்ல நாள் வந்ததும்" என்று வாழ்க்கையைப் பூட்டி வைப்பதுதான் காத்திருப்பில் அதிகம் பேர் செய்கிற தவறு, அது பக்தியைப்போலத் தோன்றுவதால் யாரும் கண்டிப்பதும் இல்லை.

இப்போது ஜெபம். முழங்கால் போட்டதும் "ஸ்தோத்திரம், நன்றி ஆண்டவரே" என்று தொடங்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். மனசுக்குள் கொதிக்கிறதை மூடிவைத்து ஸ்தோத்திரம் சொன்னால் மனம் ஓடத்தான் செய்யும். சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள் (கத்தோலிக்கர் விவிலியத்திலும் திருப்பாடல் 13-தான்). ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. அது குற்றச்சாட்டு. 3, 4 வசனங்கள் விண்ணப்பம். 5, 6-தான் நம்பிக்கையும் பாட்டும். மூன்று பங்கில் ஒரு பங்கு முழுக்க முறையீடு, தேவன் அதைத் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

செய்முறை இப்படி. ஒரு நோட்டு, பேனா. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், 15 நிமிடம் போதும். தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம், கிளறிவிட்ட மனசோடு படுத்தால் தூக்கம் வராது. முதலில் சங்கீதத்தை வாய்விட்டு ஒரு முறை வாசியுங்கள். பிறகு அதே மூன்று பகுதியில் உங்களுடையதை எழுதுங்கள். பொதுவாக எழுதினால் பயன் இல்லை. "என் கஷ்டத்தைப் பாரும்" என்பது போதாது. கிழமை, தொகை, பெயர் எல்லாம் வர வேண்டும். உதாரணத்துக்கு:

"ஆண்டவரே, இரண்டாவது கம்பெனிக்காரர் வெள்ளிக்கிழமை சொல்கிறோம் என்றார். மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. எதுவரைக்கும்? மாமனார் வீட்டில் இப்போதெல்லாம் யாரும் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதுதான் அதிகம் வலிக்கிறது.

"பத்தாம் தேதிக்குள் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் 18,000 கட்ட வேண்டும். ஒரு வழி காட்டும். அந்தக் கம்பெனியின் பதில் 'வேலை கிடையாது' என்பதானாலும் சரி, இந்த வாரமே சொல்ல வையும்.

"உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்று தாவீது எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன். இன்றைக்கு இவ்வளவுதான் முடிகிறது."

மூன்றாம் பகுதி சொந்த வார்த்தையில் வராவிட்டால் இப்படி வசனத்தைப் பார்த்து எழுதினால் போதும். அதுவும் வராத நாளில் இரண்டாம் பகுதியோடு நோட்டை மூடுங்கள். சங்கீதம் 88 அப்படித்தான் முடிகிறது: அறிமுகமானவர்களும் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது, கடைசியில் துதி கிடையாது. அதையும் இஸ்ரவேலர் ஆலயத்துப் பாட்டுகளோடு சேர்த்துத்தான் வைத்தார்கள்.

இதில் இரண்டு தவறு நேரும். ஒன்று, முதல் பகுதியைத் தாண்டி நேரே மூன்றாவதற்குப் போவது. இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் நோட்டைத் தொடவே பிடிக்காது. மற்றது, முதல் பகுதியிலேயே மூன்று பக்கம் எழுதிக்கொண்டு சுற்றுவது. அதற்காகத்தான் கடிகாரம்: முறையீட்டுக்கு ஐந்து நிமிடம், பிறகு நாளைக்கு வேண்டியது ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். கேட்கத் தெரிகிற அளவுக்கு அது சின்னதாக இருக்கட்டும்.

வார்த்தையே வராத நாளும் உண்டு. ரோமர் 8:26-ல் பவுல் சொல்வது அந்த நாளைப் பற்றித்தான். ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல்செய்கிறார். அன்று பரமண்டல ஜெபத்தை, ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்று மெதுவாகச் சொல்லி எழுந்துவிடுங்கள். புலம்பலின் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். எரிந்துபோன எருசலேமைப் பற்றிய அழுகை, ஆனால் எபிரெயு எழுத்துக்கள் 22-க்கும் எழுத்துக்கு மூன்று வசனமாக 66 வசனம், நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அகரவரிசைப் பாட்டைப்போலக் கட்டியது. மனசு சிதறிக் கிடக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் தேவைப்படுகிறது. ஆயத்த ஜெபத்தை உயிரில்லாதது என்று ஒதுக்குகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

போன் விஷயம். ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்கும் அச்சடித்த பைபிளை எடுங்கள். போனில் இருக்கும் பைபிளைத் திறந்தால் மேலே மெயில் வந்த சத்தமும் சேர்ந்துதான் வரும். போன் வேறு அறையில் இருக்கட்டும். பகலில் மெயில் பார்க்க இரண்டு நேரம்: காலை 11, மாலை 4. இன்டர்வியூ அழைப்பு போன் காலாக வந்தால் மணி அடிக்கும், எனவே எதுவும் தவறாது. பதில் வராத இடத்துக்கு, அவர்கள் சொன்ன நாள் கழிந்து ஒரு வாரத்தில் மரியாதையாக ஒரு மெயில், அதிலிருந்து இரண்டு வாரத்தில் இன்னொன்று. அதற்குமேல் அனுப்ப வேண்டாம். நோட்டில் அந்தக் கம்பெனிப் பெயருக்கு எதிரே "என் பங்கு முடிந்தது" என்று எழுதித் தேதி போடுங்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பதால் பதில் வருவதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் காலியான இன்பாக்ஸைப் பார்க்கும்போது மனசு ஒரு தடவை மறுக்கப்படுகிறது. நாளைக்கு நாற்பது மறுப்பை யார் தாங்குவார்?

யாத்திராகமம் 16-ல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னாவுக்கும் அளவு இருக்கிறது. தலைக்கு ஒரு ஓமர், அன்றன்றைக்கு. மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தது புழுத்து நாறிற்று. ஆறாம் நாளில் மட்டும் ஓய்வுநாளுக்கும் சேர்த்து இரட்டிப்பு, அது கெடவில்லை. "அன்றன்றுள்ள அப்பம்" என்று நாம் கேட்பதற்கு இதுதான் பின்னணி. இதைச் சேமிப்பு வேண்டாம் என்று படிக்கக் கூடாது, யோசேப்பு ஏழு வருஷத் தானியத்தைச் சேர்த்து வைத்தவன். நாளைக்கான தைரியத்தை இன்றே கேட்டு வாங்கி வைக்க முடியாது என்பதுதான் இதில் இருக்கிறது. செப்டம்பரில் என்ன ஆகும் என்று யோசித்துப் பயந்தால், செப்டம்பருக்கான கிருபை இன்னும் கையில் வந்திருக்காது.

ஆனால் கணக்கை எழுதத்தான் வேண்டும். கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் வரும் என்பதை மனைவியோடு உட்கார்ந்து ஒரே தாளில் எழுதுங்கள். எண் சின்னதாக இருந்தாலும் தெரிந்த எண்ணைவிடத் தெரியாத எண்தான் ராத்திரி எழுப்பும்.

"காத்திருந்தால் சும்மா இருக்க வேண்டுமா, முயற்சி செய்தால் அவிசுவாசமா?" என்ற குழப்பத்துக்கு நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிற செய்தி கிஸ்லே மாதத்தில் வருகிறது, நம் கணக்கில் நவம்பர், டிசம்பர். அவர் வேலை செய்த பெர்சிய ராஜாவிடம் வாய் திறப்பது நிசான் மாதத்தில், மார்ச், ஏப்ரல். ஏறக்குறைய நாலு மாதம் உபவாசமும் ஜெபமும். அதே நாலு மாதமும் பானபாத்திரக்கார வேலையை விடவில்லை. ராஜா "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்ட அந்த ஒரு நிமிடத்தில் அவர் சொன்னதைக் கவனியுங்கள்: எவ்வளவு நாள் ஆகும் என்பது, நதிக்கு அப்புறத்துத் தேசாதிபதிகளுக்குக் கடிதங்கள், மரத்துக்காக ராஜாவின் வனக்காவலன் ஆசாப்புக்குப் பெயர் போட்டுத் தனிக் கடிதம், எந்தெந்த வேலைக்கு மரம் என்பது. அது அந்த நிமிடத்தில் தோன்றிய பட்டியலா? நாலு மாதத்தில் உட்கார்ந்து யோசித்தது. அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் "பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி" என்று ஒரு வரியும் இருக்கிறது. எவ்வளவு சின்ன ஜெபமாக இருந்திருக்க வேண்டும்! உங்கள் விஷயத்தில் இதன் பொருள்: ரெஸ்யூமே, சான்றிதழ் நகல், பரிந்துரைப்பவர் பெயர், எதிர்பார்க்கும் சம்பளம், எப்போது சேர முடியும் என்கிற பதில் எல்லாம் இந்த வாரமே எழுதித் தயாராக இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல். 1 சாமுவேல் 13-ல், பலியிட வருவதாகச் சொன்ன தீர்க்கதரிசி சாமுவேலுக்காகக் கில்காலில் ஏழு நாள் அவன் காத்துத்தான் இருந்தான். சாமுவேல் வரவில்லை, ஜனம் சிதறுகிறது, பெலிஸ்தர் மிக்மாசில் கூடிவிட்டார்கள். தானே பலியிட்டான். இட்டு முடிக்கிறபோது சாமுவேல் வந்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்றதற்கு அவன் சொன்ன காரணம் மூன்றும் உண்மைதான், ஆனால் மூன்றும் பயத்திலிருந்து வந்தவை, கடைசியில் "துணிந்து" என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்கிறான். அவசரத்தில் பெரிய முடிவு எடுக்கப் போகும்போது உங்கள் காரணங்களை எழுதிப் பாருங்கள். எல்லாமே "ஆட்கள் என்ன சொல்வார்கள்", "இதுவும் போய்விட்டால்" என்ற வகையாக இருந்தால் மூன்று நாள் தள்ளிப்போடுங்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் இதையே விதியாக வைத்தார்: மனம் வறண்டு இருண்டு கிடக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது. வேலை தேடுகிறவருக்கு இது நேரடியாகவே பொருந்தும். வேலை வாங்கித் தர முன்பணம் கேட்கிறவரிடமும் வெளிநாட்டு ஏஜென்ட் என்று வருகிறவரிடமும் ஜனங்கள் மாட்டுவது அறியாமையால் மட்டும் இல்லை, எட்டாவது மாதத்தின் களைப்பால்.

பிள்ளை தருவேன் என்ற வாக்குக்குக் காத்திருந்த ஆபிரகாமும் இப்படித்தான். ஆரானை விட்டுப் புறப்படும்போது 75, மனைவியின் அடிமைப்பெண் ஆகார் மூலம் இஸ்மவேல் பிறக்கும்போது 86, ஈசாக்கு பிறக்கும்போது 100. கானானில் பத்து வருஷம் பொறுத்த பிறகு வந்த யோசனைதான் ஆகார். அந்தக் காலத்து வழக்கப்படி அது நியாயமான ஏற்பாடு, யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அதனால் வதைபட்டது அடிமைப்பெண்ணும் அவள் பிள்ளையும். நம் குறுக்குவழியின் செலவைப் பெரும்பாலும் வீட்டில் பலவீனமானவர் கட்டுகிறார்.

அடுத்து, நம் சபைகளில் காத்திருப்பவரைச் சுற்றி வருகிற மூன்று விஷயங்கள். கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

தீர்க்கதரிசனம். "இந்த மாதம் 20-க்குள் ஆர்டர் வரும்" என்று யாராவது கைவைத்துச் சொன்னால், தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். 1 தெசலோனிக்கேயர் 5 தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே என்கிறது, அடுத்த வசனமே எல்லாவற்றையும் சோதித்துப்பார் என்கிறது. அந்த வார்த்தையை நம்பிக் கடன் வாங்கவோ, வேறு இடத்து இன்டர்வியூவை விடவோ கூடாது. தேதி கடந்துபோனால் "உனக்கு விசுவாசம் இல்லை" என்று பழியை உங்கள்மேல் திருப்புவார்கள். உபாகமம் 18:22-ன்படி பழி சொன்னவர்மேல்தான் விழும்.

பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன். பிள்ளை இல்லாத அன்னாள் பொருத்தனை செய்தாள், நிறைவேற்றினாள். யெப்தா வாய்க்கு வந்ததை நேர்ந்துகொண்டு மகளை இழந்தான். "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்று பிரசங்கி 5-ல் இருக்கிறது. வேலை இல்லாத எட்டாவது மாதத்தில் "முதல் சம்பளம் முழுதும் காணிக்கை" என்று நேர்ந்துகொண்டால், வாடகை பாக்கி இருக்கும் வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்வது? கடன் வாங்கி "விதைக் காணிக்கை" போடச் சொல்பவரிடம் மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள்.

உபவாசம். நல்லது, ஆனால் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், கர்ப்பிணி, அல்சர் உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் முழு உபவாசம் இருக்கக் கூடாது. அவர்கள் ஒரு வேளை டீயையும் டிவியையும் விட்டாலும் உபவாசமே. மாத்திரையை நிறுத்துவது விசுவாசத்தில் சேராது.

அன்னாளிடம் இன்னொன்று இருக்கிறது, பலர் கவனிக்காதது. வருஷா வருஷம் சீலோவுக்குப் போய் அழுதவள். அவள் உதடு அசைவதைப் பார்த்து ஆசாரியன் ஏலியே குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். சரி, சபையின் மூப்பரும் தப்பாகப் புரிந்துகொள்ளலாம் என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. அவள் தன் மனதை ஊற்றிச் சொன்ன பிறகு "சமாதானத்துடனே போ" என்கிறான். உடனே வருகிற வரி: அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை. அவள் கேட்ட பிள்ளை சாமுவேல் அப்போது கருவிலும் இல்லை. பதில் வருமுன் சாப்பிட்டாள் என்பதைத்தான் நான் விசுவாசத்துக்கு நல்ல உதாரணமாகப் பார்க்கிறேன்.

"பொறுமை" என்று நாம் பேச்சில் ஒரே சொல்லால் சொல்வது கிரேக்கத்தில் இரண்டு. ஹுப்பொமொனே என்பது பாரத்தின் கீழே நிலைத்து நிற்பது, பெரும்பாலும் சூழ்நிலையைப் பற்றியது. மக்ரொதூமியா, கோபம் வர நீண்ட நேரம் ஆவது, பெரும்பாலும் மனுஷரைப் பற்றியது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டாவதை "நீடிய பொறுமை" என்று அழகாகப் பிரித்துவிட்டார்கள். காத்திருப்பில் முதலாவதைவிட இரண்டாவதுதான் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. கல்யாண வீட்டில் "இன்னும் ஒண்ணும் அமையலையா தம்பி?" என்று கேட்கும் சித்தப்பாவுக்கு என்ன சொல்வது? ஒரு பதிலை முன்னதாகவே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "இன்னும் வரல சித்தப்பா, ஜெபம் பண்ணிக்கோங்க. பெரியவன் எப்படி இருக்கான்?" இரண்டாம் பாதி முக்கியம். பேச்சு அவர் பக்கம் திரும்பிவிடும்.

யாக்கோபு 5:7-ல் பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான். இதைப் படிக்கும்போது டெல்டாவை நினைக்கக் கூடாது. டெல்டாக்காரருக்கு ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று ஒரு நாளாவது உண்டு, தண்ணீர் இருந்தால். கானான் தேசம் எகிப்தைப்போல வாய்க்கால் பாயும் தோட்டம் இல்லை என்று உபாகமம் 11 சொல்கிறது. அது மானாவாரி, வானம் பார்த்த பூமி. அக்டோபர், நவம்பரில் முன்மாரி விழுந்தால்தான் உழவு, விதைப்பு. மார்ச், ஏப்ரலில் பின்மாரி விழுந்தால்தான் மணி பிடிக்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே களை எடுப்பார்கள்.

சபைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். வேலை போனவர் முதலில் விடுவது ஞாயிறு ஆராதனையைத்தான், காரணம் வெட்கம். கடைசி பெஞ்சில் உட்காருங்கள், பரவாயில்லை. எல்லாரிடமும் விவரம் சொல்ல வேண்டாம், இரண்டு பேரிடம் முழுதும் சொல்லுங்கள். பொதுவாக "ஜெபிச்சுக்கோங்க" என்று சொன்னால் காற்றோடு போகும். "வர்ற நாலு ஞாயிறும் ஆராதனை முடிஞ்சு அஞ்சு நிமிஷம் என்னோட நின்னு ஜெபிக்க முடியுமா?" என்று கேளுங்கள். யாத்திராகமம் 17-ல் மோசேயின் கை தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் கையைத் தாங்குமுன் முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்தார்கள்.

பதில் "இல்லை" என்றே வரலாம். பவுல் தம் சரீரத்தில் குத்திய முள் நீங்க மூன்று தரம் கேட்டார், நீங்கவில்லை. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும்வரை, சுமார் இருபது வருஷம், பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். சுகத்துக்காக ஜெபம் நடக்காமல் இருந்திருக்குமா? சுகம் வரவில்லை. அந்தப் படுக்கையிலிருந்து பல புத்தகங்களையும் கடிதங்களையும் எழுதினார். இதை வைத்து "பாருங்கள், வியாதியும் நன்மைக்கே" என்று உங்களிடம் யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். நன்மை வந்தது என்பது வலியை நன்மை ஆக்கிவிடாது.

மறுப்பு வந்த அன்று செய்ய வேண்டியது: அந்த இரண்டு பேருக்கும் சொல்லுங்கள், சாப்பிடுங்கள், அன்று எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள், அடுத்த விண்ணப்பத்தை மறுநாள் 11 மணிக்கு அனுப்புங்கள். நோட்டில் அன்றைக்கு முதல் பகுதி மட்டும் இருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், "நான் இல்லாவிட்டால் வீட்டுக்கு நல்லது" என்ற எண்ணம் வந்துபோனால், அதை ஜெபக்குறைவு என்று மறைக்காதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்து. மனநல மருத்துவரைப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த எண்ணம் வந்தால் 14416, மத்திய அரசின் டெலிமானஸ் எண், இலவசம், எந்நேரமும், தமிழிலும் பேசலாம். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிட்டு அழையுங்கள்.